தேசிக் கொழுந்தில் ஓடும் வெள்ளைக் கோடு: பின்தொடர்ந்து பார்க்கும் முறை

உங்கள் வளவில் ஒரு தேசி மரம் நின்றால் தேசி இலைத்துளைப்பான் என்ற பூச்சியைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். இளம் இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து ஓடும் ஒரு கோடு தெரிந்தால், அதன் அகலமான முனையில் ஒரு புழு இருக்கிறது, அல்லது இருந்து போய்விட்டது. இரண்டில் எது என்று சொல்லத் தெரிந்துவிட்டால் மருந்துக்குச் செலவழிக்கும் காசில் பெரும்பகுதி மிச்சம்.

நான் யாழ்ப்பாணத்து உரும்பிராயில், வீட்டு வளவிலேயே கன்றுகள் வளர்த்து விற்கிறேன். தேசி, தோடை, மாதுளை, கறிவேப்பிலை, கொஞ்சம் பூங்கன்றுகள். மழை தொடங்கிச் சில வாரம் போனால், தேசிக்கன்று வாங்கிப் போனவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேற்றடியில் வந்து நிற்பார். கையில் சொப்பிங் பாக், அதற்குள் நாலு வாடிய இலை. "தங்கச்சி, நீங்கள் தந்த கண்டு இலையெல்லாம் சுருண்டு போச்சு. நத்தை ஊர்ந்த மாதிரிக் கோடு கிடக்கு. என்ன மருந்து அடிக்கிறது?" அந்த இலைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. புழு வளர்ந்து, கூடு கட்டி, பறந்தும் போயிருக்கும். அவரோ அதற்கு முன்பே கடையில் சொன்ன ஏதோ ஒரு போத்தலை வாங்கி இரண்டு தரம் அடித்து முடித்திருப்பார்.

அதனால் வருகிறவர்களுக்கு நான் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. ஒரு கைவில்லையைக் கொடுத்து, ஒரு இலையை முட்டையிலிருந்து பூச்சி வரைக்கும் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். கோபிக்கிறவர்களும் உண்டு. ஆனால் செய்து பார்த்தவர்கள் பிறகு மருந்து கேட்டு வருவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் இன்னும் நல்லது. விஞ்ஞானப் பாடத்தில் வாழ்க்கை வட்டம் என்று வண்ணத்துப்பூச்சியின் படத்தைப் பார்த்து வரைகிற பிள்ளை, இதை இலைக்குள்ளேயே நேரில் பார்க்கலாம்.

பூச்சியின் பெயர் பிலொக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. விவசாயப் புத்தகங்களில் தேசி இலைத்துளைப்பான் என்று இருக்கும். இது ஈ அல்ல, வண்டு அல்ல, அந்துப்பூச்சி. இரண்டு சிறகையும் விரித்தாலும் முனைக்கு முனை ஏறக்குறைய 4 மில்லிமீற்றர்தான் வரும். 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் கல்கத்தாவிலிருந்து கிடைத்த பூச்சிகளை வைத்து முதன்முதலாக விவரித்தார். ஆகவே எங்கிருந்தோ வந்து இறங்கியதல்ல, எங்கள் பக்கத்துப் பூச்சிதான். மேற்கே போனது பிந்தித்தான். அமெரிக்காவின் புளோரிடாவில் 1993 மே மாதம் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் முதலில் அகப்பட்டது கன்று வளர்க்கும் நாற்றுமேடைகளில்தான். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஏன் என்பது கீழே வரும்.

எப்போது தொடங்குவது

இந்தப் பூச்சி முற்றிய இலையில் முட்டையிடாது. அதற்குக் கொழுந்து வேண்டும். அதிலும் விரல் நகம் அளவு, சுமார் 10 முதல் 20 மில்லிமீற்றர் நீளமுள்ள, பளபளப்பான மெல்லிய இலைதான் வேண்டும். இலை தடித்து நிறம் ஏறிவிட்டால் திரும்பியும் பார்க்காது. ஆகவே மரம் எப்போது துளிர்க்கிறதோ அப்போதுதான் உங்கள் வேலையும் தொடங்கும்.

யாழ்ப்பாணத்தில் அதைக் கணிப்பது கஷ்டமில்லை. சோழகம் அடிக்கிற மாதங்களில் தண்ணீர் காணாத தேசி சும்மா நிற்கும். புரட்டாதி முடிவிலோ ஐப்பசியிலோ முதல் மழை செம்மண்ணை நனைத்ததும், மரம் முழுக்க ஒரே நேரத்தில் கொழுந்து தள்ளும். சித்திரை மழைக்கும் அப்படி ஒரு தரம் நடக்கும். இரண்டிலும் ஐப்பசித் துளிர்தான் பார்க்க வசதி, ஏனென்றால் எல்லாக் கிளையிலும் ஒரே வயது இலை கிடைக்கும். மழைக்குக் காத்திருக்க மனமில்லையென்றால், ஒரு சட்டிக் கன்றின் நுனியைக் கிள்ளிவிட்டு, கொஞ்சம் மாட்டெருப் போட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுங்கள். துளிர் வந்துவிடும், துளிரோடு பூச்சியும் வந்துவிடும். நாற்றுமேடைகளில் முதலில் அகப்படுவது ஏன் என்றால் இதனால்தான். நாங்கள் கிணற்றுத் தண்ணீரும் பசளையும் கொடுத்துக் கன்றுகளை ஆண்டு முழுக்கத் துளிர்க்க வைத்துக்கொண்டே இருக்கிறோம். பூச்சிக்கு அங்கே பந்தி முடிவதே இல்லை.

மரம் இடுப்பளவு உயரமாக இருந்தால் போதும். பெரிய மரத்தில் ஏணி வைத்து ஏறி, கைவில்லையோடு கிளைக்குள் தலையை விட்டு, முள்ளுக் கீறல் வாங்காதீர்கள். தேசி கிடைக்காவிட்டால் தோடை, நாரத்தை, ஜம்பு நாரத்தை எதுவானாலும் சரி. வில்வத்திலும் இது பதிவாகியிருக்கிறது.

தேவையான சாமான்கள்: 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று, நிறமான நூல், அழியாத மையுள்ள மெல்லிய மார்க்கர், வாய் அகன்ற ஒரு ஜாம் போத்தல், பழைய வேட்டித் துணித் துண்டு, இறப்பர் பாண்ட், பஞ்சு, ஒரு கொப்பி. கைவில்லை இல்லாதவர்கள் போன் கமராவை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் முட்டையைக் காண்பது சிரமம்.

முட்டை

அந்துப்பூச்சி பகலில் மரத்தின் உள் இலைகளுக்கு அடியில் ஒதுங்கிக் கிடக்கும். மாலை மங்கலிலும் இரவிலும்தான் முட்டையிட வரும். ஆகவே காலையில் பாருங்கள். கொழுந்தை ஒடிக்காமல் மெதுவாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் நடுநரம்பை ஒட்டிய இடத்தை வில்லையால் துழாவுங்கள். முட்டை சுமார் 0.3 மில்லிமீற்றர்; நிறமில்லாத, தட்டையாக ஒட்டிய ஒரு நுண்ணிய துளி. குவியலாக இடாது, ஒவ்வொன்றாகத்தான் இடும். ஒரே இலையில் இரண்டு மூன்று இருந்தாலும் இங்கொன்று அங்கொன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும்.

மார்கழிப் பனி நேரத்தில் பனித்துளிக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. ஏழரை எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் திரும்பப் போய்ப் பாருங்கள். துளி காய்ந்திருக்கும், முட்டை அதே இடத்தில் இருக்கும். வெளிச்சம் நேரே மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் சரிந்து விழும்படி இலையைச் சாய்த்தால், முட்டை ஒரு சிறு மினுக்கமாகத் தெரியும்.

கண்டதும் அந்தத் துளிரின் காம்பில் நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் காம்பு தடிக்கும்போது வெட்டிவிடும். கொப்பியில் திகதியையும் நூலின் நிறத்தையும் எழுதுங்கள். ஒன்றை நம்பியிருக்காமல் ஐந்தாறு துளிரில் கட்டி வையுங்கள். எறும்பு, காற்று, ஆடு, ரசத்துக்கு இலை கிள்ளுகிற மாமி என்று எதனாலும் ஒன்றிரண்டு காணாமல் போகும்.

முட்டை பொரிக்க, சூட்டைப் பொறுத்து, 2 நாளிலிருந்து 10 நாள் வரை எடுக்கும் என்பது கணக்கு. எங்கள் வெயிலுக்குக் குறைந்த பக்கத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அதனால் ஒரு நாளும் விடாமல் பாருங்கள்.

கோடு

பொரிக்கும் புழு வெளியே வருவதே இல்லை. முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து நேரே இலைத் தோலுக்குள் இறங்கிவிடும். காற்றையோ வெயிலையோ மழையையோ நீங்கள் அடிக்கிற மருந்தையோ அது ஒரு கணம்கூடத் தொடுவதில்லை. கடைப் போத்தல் ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்விக்குப் பதிலில் பாதி இதுதான். மேலே பட்டுக் கொல்லும் மருந்து இலையின் மேல் கிடக்கும். புழு இலைத் தோலுக்குக் கீழே கிடக்கும்.

முதலில் தெரிவது மயிரிழை போன்ற ஒரு வெளிறல். அடுத்த நாள் அது நீண்டிருக்கும். கோடு வெள்ளியாக மினுங்குவதற்குக் காரணம், புழு இலையின் சதையைத் தின்பதில்லை. மேற்றோலின் கலங்களைத் தட்டையான தாடைகளால் அறுத்து, வடிகிற சாற்றை மட்டும் குடிக்கிறது. மேலே எஞ்சுவது மெழுகுப் படலம். அதற்கும் பச்சைச் சதைக்கும் இடையில் காற்றுப் புகுந்துவிடும். அந்தக் காற்றுத்தான் மினுங்குகிறது. புது இலையில் கோட்டுக்குக் கீழே பச்சை அப்படியே இருக்கும். நாள் போகத்தான் காய்ந்து பழுப்பாகும்.

கோட்டின் நடுவே கருமையான மெல்லிய இழை ஒன்று தொடர்ந்து ஓடும். அது புழுவின் எச்சம். இந்த இழையை நினைவில் வைத்திருங்கள், பிறகு உதவும்.

இப்போது பார்க்க வேண்டிய காட்சி. காலை வெயிலில், இலையைப் பறிக்காமல், சூரியனுக்கும் கண்ணுக்கும் நடுவில் வருமாறு பிடியுங்கள். கோட்டின் அகலமான முனையில் வில்லையை வையுங்கள். பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில், கண்ணாடி போல் உள்ளே தெரிகிற, கால் இல்லாத ஒரு தட்டைப் புழு. முழுக்க வளர்ந்தாலும் 3 மில்லிமீற்றர் அளவுதான். முன்பக்கம் ஆப்பு மாதிரிக் கூராக இருக்கும். அசையாமல் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டிக் கலங்களை அறுப்பது தெரியத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெள்ளி விளிம்பு ஒரு மயிரிழை முன்னே நகரும். அண்மையில் ஒரு சின்னப் பொடியன், தாய் கன்று பேரம் பேசி முடிக்கிற வரைக்கும் வில்லையில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் தாய்க்குத்தான் அவசரம்.

தினமும் ஒரே நேரத்தில் போய், கோட்டின் முனை நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நல்ல இலைப்பகுதியில் மார்க்கரால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். கோட்டின் மேலேயே வைக்காதீர்கள், படலம் கிழிந்தால் புழு காய்ந்து செத்துவிடும். சில நாளில் புள்ளிகளுக்கிடையே உள்ள தூரம் கூடிக்கொண்டே போவதைக் காண்பீர்கள். கோட்டின் அகலமும் ஒரே சீராகக் கூடாது. திடீரென்று ஒரு இடத்தில் அகலும், அதற்குப் பிறகு கொஞ்சத் தூரம் அதே அகலத்தில் போகும். புழு இலைக்குள்ளேயே தோல் உரிக்கிறது. உரித்தபின் பெரிய தலை, பெரிய வாய், அகலமான கோடு. தின்னும் பருவம் மூன்று. இப்படி, காய்ந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டே புழு எங்கே தொடங்கியது, எந்த வளைவில் தோல் உரித்தது, எங்கே நின்றது என்று சொல்லலாம்.

கோடு பாதியில் நின்று, முனை ஒல்லியாகவே இருந்தால் புழு செத்துவிட்டது என்று அர்த்தம். வில்லையில் பாருங்கள். படலம் கிழிந்து உள்ளே வெறுமையாக இருந்தால் எறும்போ வேறு ஏதாவதோ இழுத்துக்கொண்டு போயிருக்கும். படலம் கிழியாமல் உள்ளே புழு சுருங்கிக் கறுத்துக் கிடந்தால் சிறு குளவி ஒன்று வெளியிலிருந்தே குத்தியிருக்கலாம். இப்படிப் பாதியில் நின்ற கோடுகள் உங்கள் மரத்தில் நிறைய இருந்தால் சந்தோஷப்படுங்கள். சம்பளம் கேட்காமல் வேலை நடக்கிறது.

ஓரத்துச் சுருள்

தின்று முடித்ததும் புழு நான்காம் பருவத்துக்கு வரும். இந்தப் பருவத்தில் அது ஒன்றும் தின்னாது. வேலை ஒன்றே ஒன்று, பட்டிழை நூற்பது. அநேகமாக இலையின் ஓரத்துக்கு வந்துவிடும். அங்கே இழையால் ஒரு அறை கட்டும். இழை காய்ந்து இழுக்கும்போது இலையோரம் மடிந்து அறையை மூடிவிடும். கன்று வாங்கியவர்கள் கொண்டுவந்து காட்டுகிற சுருளில் ஒரு பங்கு இதுதான். மற்றப் பங்கு, ஒரு பக்கத் தோல் அறுபட்டதால் இலை சமமாக விரிய முடியாமல் கோணுவது.

இலையைப் பறிக்க வேண்டிய நேரம் இதுதான். இதற்கு முன் பறித்தால் இலை வாட, உள்ளே சாறு குடிக்கிற புழுவும் செத்துவிடும். ஓரம் நன்றாக மடிந்து, கோட்டின் முனை அந்த மடிப்புக்குள் போய் முடிந்திருந்தால், இரண்டு நாள் விட்டு, காம்போடு வெட்டுங்கள். காம்பு நுனியில் நனைத்துப் பிழிந்த பஞ்சைச் சுற்றி ஜாம் போத்தலுக்குள் நிறுத்தி, வாயை வேட்டித் துணியால் மூடி இறப்பர் பாண்ட் போடுங்கள். துணி நெருக்கமான நெசவாக இருக்கட்டும். வரப்போவது நுளம்பு வலைக் கண்ணாலும் நுழைந்து போகக்கூடியது. போத்தல் மூடியைப் போட்டு இறுக்கினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடம் வேண்டும். எங்கள் வீட்டில் குசினி யன்னல் ஓரம். ஒரு போத்தலுக்கு ஒரு நூல் நிறம் என்று வையுங்கள், இல்லாவிட்டால் கொப்பிக் கணக்குக் குழம்பும்.

கூட்டுப்புழுவைப் பார்க்க ஆசையென்றால் ஒரு சுருளைத் தியாகம் செய்யலாம். குண்டூசியால் மடிப்பை மெல்ல நீக்கினால் 2.5 மில்லிமீற்றர் அளவில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் கிடக்கும். தலையில் கூரான முள் ஒன்று உண்டு. அறையைக் குத்தித் திறக்க அதுதான் ஆயுதம். பறக்கும் நாள் நெருங்க நெருங்க நிறம் கறுக்கும். மடிப்பைத் திறந்து பார்த்த கூட்டுப்புழு காய்ந்து போகக்கூடும் என்பதால் எல்லாவற்றையும் திறக்காதீர்கள்.

விடியலில் வருவது யார்

கூட்டுப்புழுப் பருவம் 6 நாளிலிருந்து 22 நாள். சூடான மாதத்தில் ஒரு வாரத்துக்குக் கிட்ட. முட்டை முதல் பூச்சி வரைக்கும் மொத்தமாகப் பார்த்தால் 13 நாளிலிருந்து 52 நாள் வரை என்பார்கள். 52 நாள் என்பது குளிர் நாடுகளின் கதை. எங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் வட்டம் முடிந்துவிடும்.

அந்துப்பூச்சி அநேகமாக விடியலில் வெளிவரும். எழும்பியதும், தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கும் முன்னம் போத்தலைப் பாருங்கள். துணியை உடனே திறக்காதீர்கள். போத்தலுக்குப் பின்னால் கறுப்புத் துணியோ கறுப்புக் காகிதமோ பிடித்தால் கண்ணாடியில் ஒட்டி நிற்கிற வெள்ளைத் துகள் ஒன்று தெரியும். வில்லையை வைத்தால் துகள் அல்ல: வெள்ளிச் செதில் போர்த்த உடம்பு, முன்சிறகில் கறுப்பும் மஞ்சள் பழுப்புமான மெல்லிய கோடுகள், சிறகின் நுனியில் எடுப்பாக ஒரு கறுப்புப் புள்ளி. பின்சிறகு சிறகு என்று சொல்லவே முடியாத அளவு ஒடுங்கி, சுற்றிலும் நீண்ட மயிர்க்குஞ்சம். புள்ளியைக் கண்டால் ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

இலையில் மிஞ்சியதையும் பாருங்கள். அந்துப்பூச்சி போன சுருளில், அறைக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டு வெறும் கூட்டுத்தோல் ஒன்று நிற்கும். அப்படி ஒன்றும் இல்லாமல், சுருளில் குண்டூசியால் குத்தியது போல வட்டமான ஓட்டை மட்டும் இருந்தால் வெளியே வந்தது அந்துப்பூச்சி அல்ல. போத்தலுக்குள் கறுப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு நுண்ணிய குளவி ஓடித் திரியும். அந்துப்பூச்சியின் புழுவைத் தின்று வளர்ந்தது அது.

இந்தக் குளவிகளின் கதை எனக்கு அந்துப்பூச்சியைவிடப் பிடிக்கும். தேசி விதை ஒன்றைப் போட்டால் சில நேரம் இரண்டு மூன்று கன்று முளைக்கும். நாற்றுமேடைக்காரர் எல்லோருக்கும் இது தெரியும், ஒரு விதைக்குள்ளேயே பல முளையங்கள் இருப்பதால் வருவது. அஜெனியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் அதையே செய்கிறது. அது இடுகிற ஒரு முட்டை பிரிந்து பல குளவிகளாகிவிடும். இலைத்துளைப்பானின் முட்டையிலோ மிக இளம் புழுவிலோ இட்டுவிட்டுப் போகும். புழு வழக்கம்போலக் கோடு போட்டு, அறை கட்டி, அதற்குப் பிறகுதான் சாகும். அறையைத் திறந்தால் ஒரு கூட்டுப்புழுவுக்குப் பதிலாகக் குளவிக் கூட்டுப்புழுக்கள் வரிசையாகக் கிடக்கும். தாய்லாந்து, வியட்நாம் பக்கத்துக் குளவி இது. அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து 1994இல் புளோரிடாவுக்கு எடுத்து விட்டார்கள். பூச்சி தன் எதிரிகளை ஊரில் விட்டுவிட்டுக் கடல் தாண்டியதால், எதிரியைப் பின்னால் அனுப்ப வேண்டி வந்தது.

குளவி வந்தால் போத்தலை மரத்தடிக்குக் கொண்டுபோய்த் துணியை எடுத்துவிடுங்கள். அந்துப்பூச்சியை என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது ஓரிரு வாரம்கூட இருக்காது. விட்டாலும் விடாவிட்டாலும் மரத்தில் கணக்கு மாறாது என்பது என் எண்ணம்.

சரி, மரத்துக்கு என்ன செய்வது

நாலு வயது தாண்டிய மரமென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இதை நான் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். கோடு விழுந்த இலையும் மரத்துக்குச் சாப்பாடு தயாரிக்கும்; வடிவு குறைவு, அவ்வளவுதான். காய்ப்பில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கவனிக்க வேண்டியது சின்னக் கன்றை, ஏனென்றால் அதன் இலையில் பெரும்பகுதி கொழுந்து.

அநேகர் முதலில் செய்வது கத்தரிக்கோலை எடுத்துச் சுருண்ட இலையை எல்லாம் வெட்டித் தள்ளுவது. வெட்டிய இடத்தில் மரம் புதுத் துளிர் விடும். புதுத் துளிர் எதற்கு அழைப்பு என்று இப்போது உங்களுக்குத் தெரியும். வெட்ட வேண்டுமானால் அடிமரத்திலிருந்து நேரே எழும்புகிற கொழுத்த போத்துகளை வெட்டுங்கள்; அவை மற்றக் கிளை ஓய்ந்திருக்கிற நேரத்திலும் துளிர்த்துப் பூச்சியைத் தொடர்ந்து வைத்திருக்கும். யூரியாவைக் கை நிறைய அள்ளிப் போடுவதும் இதே வேலையைத்தான் செய்யும். பசளையை மழைக்காலத் துளிரோடு சேர்த்துப் போட்டு, எல்லாத் துளிரும் ஒன்றாக வந்து ஒன்றாக முற்றும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்றுக்கு நான் அடிப்பது வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும். ஆடியில் வேம்புக்குக் கீழே கூட்டினால் கொட்டைக்குக் குறைவில்லை. நிழலில் உலர்த்தி, ஓட்டை நீக்கிய பருப்பில் லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் எடுத்து, இடித்து, துணியில் பொட்டலமாகக் கட்டி இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் பிழிந்து வடித்து, உரசிய சவர்க்காரம் கொஞ்சம் கலந்தால் இலையில் ஒட்டும். அன்றைக்கே பின்னேரம் வெயில் தணிந்ததும் அடித்து முடியுங்கள், வைத்து வைத்து அடித்தால் வீரியம் போய்விடும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். மேலே மட்டும் தூவினால் முட்டையிடுகிற இடம் காய்ந்தே கிடக்கும்.

எப்போது அடிப்பது என்பதற்காகத்தான் நூல் கட்டி, புள்ளி வைத்து, இவ்வளவும் பார்க்கச் சொன்னேன். கொழுந்து விரல் நகமளவு இருக்கும்போது அடியுங்கள். ஒரு கிழமை கழித்து, அடுத்த இலைகள் விரியும்போது இன்னொரு தரம். கோடு அகலமாகி ஓரம் மடிந்துவிட்டால் தெளிகருவியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடலாம். அந்த இலைக்கு இனி ஒன்றும் ஆகாது, சுருளுக்குள் இருப்பது குளவியாகவும் இருக்கலாம். கடைப் போத்தலில் இன்னொரு கெடுதி அதுதான்: உள்ளே இருக்கும் புழு தப்பிவிடும், வெளியே திரிகிற குளவி செத்துவிடும்.

அடிப்பதற்கு முன் ஆள் மாறவில்லை என்று உறுதிப்படுத்துங்கள். தக்காளி, பயற்றை, பூசணி இலையில் ஓடுகிற வெள்ளைக் கோடு வேறு. அது ஒரு சின்ன ஈயின் புழு போடுவது. அதில் எச்சம் இந்தளவு நேரான நடு இழையாக இருக்காது. தேசியில் இலையை ஓரத்திலிருந்து கடித்துத் தின்று, பறவை எச்சம் மாதிரி உட்கார்ந்திருப்பது தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு. அதைக் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விட்டால் போதும். கோடே இல்லாமல் கொழுந்து சுருண்டு பிசுபிசுத்து எறும்பு ஓடினால் அது செடிப்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கோட்டின் ஓரமாகத் தடித்த, சொரசொரப்பான பழுப்புப் புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு கிளம்பினால் அது சொறி நோய், பக்றீரியாவால் வருவது. இலைத்துளைப்பான் அதைச் சுமந்து வருவதில்லை. ஆனால் படலம் கிழிந்த ஒவ்வொரு கோடும் அதற்குத் திறந்த வாசல். வாடைக்காற்றோடு மழை சாய்த்து அடிக்கிற கார்த்திகை மார்கழியில் ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்கு, அடுத்த கன்றுக்கு என்று தெறித்துப் பரவும், தேசி அதற்கு இலகுவில் வசப்படும் சாதி. அந்தக் கிளையை மட்டும் வெட்டி எரியுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது வெட்டாதீர்கள், வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்காமல் அடுத்த கன்றில் வைக்காதீர்கள். என்னிடம் கன்று வாங்க வந்தாலும் சரி, யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தையடியில் வாங்கினாலும் சரி, வெள்ளைக் கோட்டைக் கண்டு கன்றை ஒதுக்க வேண்டாம். இந்தப் புள்ளி இருந்தால் காசு கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.